மேல் மண்ணும் அரைப் பேரும்

தொட்டிச் செடிக்கு மண் மாற்றுவதற்குச் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. மேலே இரண்டு விரல் ஆழத்துக்கு இறுகிப்போன மண்ணைக் கரண்டியால் கிளறி, வேரில் படாமல் அள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் போதும். செடிக்கு விஷயமே தெரியாது. இதை எனக்குச் சொல்லித் தந்தது அத்தை என்று சொன்னால் அத்தைக்கே கோபம் வரும். அவள் யாருக்கும் எதையும் சொல்லித் தந்தவளில்லை. கரண்டியும் கையுமாக அவள் ஒரு நாள் போட்ட சண்டையில் நான் பொறுக்கிக்கொண்டது இது.

கந்தப்பளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றிய காலம் அது. அறைக்கு அறை, படிக்குப் படி பெரிய தொட்டிகளில் செடி வைத்தார்கள். அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தாள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளை அந்தச் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போட்டார்கள். அவள் கைராசிக்காகப் போட்டதாக அத்தை சொல்வாள். அவள் வாய்க்கு மலையில் கங்காணி தாங்கவில்லை, அதனால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

தொட்டிகளை இரண்டு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. அதனால் செடியை அசைக்காமல் மேல் மண்ணை மட்டும் மாற்ற வேண்டும் என்பது உத்தரவு. புது மண் பையில் அடைத்துக் கொழும்பிலிருந்து லொறியில் வரும். பழைய மண்ணைக் குசினிக்குப் பின்னால் கொட்டிவிட வேண்டும். மலை மலையாக மண் கிடக்கிற ஊருக்கு மண் லொறியில் வருகிறதே என்று லயமே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. பங்களாச் சமையல்காரரிடம், "இந்தப் பழைய மண்ணு வேணாமாங்க?" என்று கேட்டாள். "குப்பதானே, கொண்டு போ" என்றார் அவர்.

அன்றிலிருந்து சாயங்காலம் வரும்போதெல்லாம் கோதுமை மாப் பையில் கொஞ்சம் மண்ணோடு வந்தாள். எங்கள் லயத்தின் கோடியில் ஒரு பாறை படுத்துக்கிடந்தது. மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். அந்த மண்ணில் நாங்கள் ஒரு மிளகாய்க் கன்று நட்டாலும் குற்றம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து கொத்திக் கொடுத்த மண்ணில் எங்களுக்கு ஒரு சாண் கிடையாது என்பதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. பாறையில் எதுவும் முளைக்காது என்பதால் அதற்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை.

அத்தை பாறையைச் சுற்றிக் கல் அடுக்கினாள். பங்களா மண்ணைக் கொட்டி, அதில் பூத்திருந்த வெள்ளை உப்புக் கரைந்து போகட்டும் என்று மழையில் நனைய விட்டாள். மாட்டெருவும் தேயிலைச் சக்கையும் கலந்து போஞ்சி விதை போட்டாள். "பாறையில போஞ்சி போடுறவள இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச நாள்ல கறியாக்கவும் போற, இரு" என்றாள் அத்தை. அப்படியேதான் நடந்தது. கொடி எங்கள் கூரைத் தகரம் வரை ஏறிக் காய்த்துத் தொங்கியது.

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவின் கண்ணில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது பட்டுவிட்டது. மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். லயத்து ஆட்கள் எல்லாரும் வாசல் தாழ்வாரமான இஸ்தோப்புக்கு வந்து சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"யாரு போட்டது இத?"

"நாந்தாங்க ஐயா" என்றாள் அத்தை.

"தோட்டத்து எடத்துல யாரக் கேட்டுப் போட்ட? நாளைக்குள்ள மண்ணோட எல்லாத்தையும் அள்ளணும்."

அத்தை பாத்தியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பாற ஒங்களதுங்க, நான் இல்லேங்கல. மண்ணு பங்களாவுல வேணாம்னு கொட்டுனது. வேணாம்னு கொட்டுனது இப்ப வேணும்னா தாராளமா அள்ளிக்கிட்டுப் போங்க. ஆனா போஞ்சி எம் போஞ்சி. செடி அசையக் கூடாது, வேரு அறக் கூடாது, மேல் மண்ண மட்டும் எடுக்கணும். அப்படித்தானேங்க பங்களாவுல எனக்குச் சொன்னீங்க?"

சொல்லிவிட்டு இடுப்பில் செருகியிருந்த கரண்டியை எடுத்து, முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாக அவர் முன்னால் நீட்டினாள்.

முதலில் யாரோ ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். பிறகு லயமே சிரித்தது. கண்டாக்கு ஐயாவின் காது சிவந்துவிட்டது.

"வாய் கூடிப்போச்சு ஒனக்கு. இந்த மாசம் பூரா ஒனக்கு அரைப் பேர்தான், பாத்துக்க!"

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். "அரைப் பேர்னா அரைப் பேர்" என்று சொல்லிவிட்டு அத்தை கரண்டியை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தையின் பேரில் முன்பாதி சாமியுடையது, பின்பாதி பூவுடையது. கண்டாக்கு ஐயா எந்தப் பாதியை எடுத்துக்கொண்டு போவார்? சாமியை எடுத்தால் வெறும் பூ. பூவை எடுத்தால் அத்தையை ஆம்பிளை என்று நினைத்துவிடுவார்களே. அம்மாவிடம் போய், "அரைப் பேர்னா எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன். மாப் பிசைந்துகொண்டிருந்த அம்மா, "எந்தப் பக்கம் பாத்தாலும் அடிதான், போடி" என்றாள்.

அப்போது நான் ஆண்டு ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்தெல்லாம் புதிதாகக் கைக்கு வந்திருந்த நேரம். பொங்கலுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை எடுத்து, உடைந்த பலகைத் துண்டில் அத்தையின் பேரை முழுசாக எழுதினேன். பூவில் ஒரு எழுத்துப் பிழை. ஆனால் ஒன்றும் குறைவில்லை. கொண்டுபோய்ப் பாத்தியில் நட்டேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும், கண்டாக்கு ஐயா உட்பட, அந்தப் பாறையைக் கடந்துதான் போக வேண்டும்.

மறுநாள் அத்தை அதைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "கோணலா நிக்குது. ஆழமா ஊணு, ஆடக் கூடாது" என்று சொல்லிக் காலால் ஒரு மிதி மிதித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பாத்தியை அள்ளச் சொல்லிக் கண்டாக்கு ஐயா பிறகு வாயே திறக்கவில்லை. திறந்தால் கரண்டியும் கூட வருமே. தினமும் காலையில் நான் ஓடிப்போய்ப் பலகையில் எழுத்துக் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குறையவில்லை. அதனால் அவர் தோற்றுவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். இன்று எல்லாம் தெரிந்த பிறகும் அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அரைப் பேர் என்றால், முழு நாள் உழைத்தாலும் பாதிதான் கிடைக்கும். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இரவுக்குச் சோறு இல்லை, ரொட்டியும் போஞ்சியும்தான். எனக்கு ரொட்டி பிடிக்கும் என்பதற்காகத்தான் அம்மா சுடுகிறாள் என்று குதித்தேன். அத்தை தன் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைப்பாள். அவளுக்கு ரொட்டி அவ்வளவாகப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதையும் சாப்பிட்டேன்.