மூணாம் நம்பர் ப்ராசஸரும் லெட்சுமி அக்காவின் மூணாவது கடிதமும்

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடும்வரை அதைப் பார்த்துக்கொள்ள ஒருத்தன் இருக்கிறான் என்பதே யாருக்கும் தெரியாது. நின்றால் மட்டும் அவன் பெயர் ஊருக்கே தெரியும். இந்தத் தொழிலில் வயிறெரிந்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பாயான் லெப்பாசில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. ஒரே பெட்டிக்குள் நாலு ப்ராசஸர், அதாவது நாலு மூளை. எதை வேலையில் வைப்பது, எதை ஒதுக்கி வைப்பது என்று கட்டளை போடுவது என் பொறுப்பு.

பச்சை விளக்கு

மூணாம் நம்பர் ப்ராசஸர் சூடேறினால் தப்புத் தப்பாக வேலை செய்தது. அது தப்பு செய்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும். இரண்டு தடவை நின்றும் விட்டது. மாற்று சர்க்யூட் பலகை சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் அதை மட்டும் ஆஃப்லைன் போட்டேன். மற்ற மூன்றும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடின.

பெட்டியின் முகப்பில் அதன் பச்சை விளக்கு அணைந்தது. வந்தது வினை! எங்கள் மேனேஜர் மிஸ்டர் ஞானம், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் பாய்ந்து வந்தார். ஹெட் ஆபீஸ் ஆட்கள் வரப்போகிறார்களாம், ஒரு விளக்கு எரியாவிட்டால் மானம் போகுமாம். "ரோசாக் சார், பழுது" என்று மலாயிலும் தமிழிலும் தலைகீழாக நின்று சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

"நாலு வாங்கிப்போட்டு ஒண்டு சும்மா இருக்குது. சும்மா இருக்கிறதுக்கு ஆளை வைச்சிருப்பீரோ?"

கூப்பிடாதே

லெட்சுமி அக்கா சோதனை லைனின் லீடர். சிம்பாங் அம்பாட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். கம்ப்யூட்டர் நின்றால் லைன் நிற்கும், உற்பத்தி குறையும், எச்சரிக்கைக் கடிதம் அக்காவுக்கு வரும். மெஷின் நின்றதற்கு மனுஷிக்குக் கடிதம்! மூணாம் நம்பர் புண்ணியத்தில் ஏற்கெனவே இரண்டு வாங்கிவிட்டார். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

ஆஃப்லைன் என்றால் என்ன என்று ஒருநாள் கேண்டீனில் கேட்டார். சொன்னேன். இன்னொரு நிலையும் உண்டக்கா, அதில் போட்டால் ப்ராசஸர் பாட்டுக்கு வேலை செய்யும், பிரிண்டர், டிஸ்க் எதுவும் குறுக்கே கூப்பிட்டுத் தொல்லை பண்ணாது என்றேன். அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கும் அதுல ஒண்ணு போட்டுக் குடேன் தம்பி, மெஷினுக்கு மட்டும்தானா?"

சாப்பிடப் போன நேரம்

ஹெட் ஆபீஸ் ஆட்கள் வந்த அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், நாலு விளக்கும் பளிச்சென்று எரிகிறது. அவசரத்துக்கு என்று தன் பெயரில் என்னிடம் வாங்கி வைத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, மேனேஜரே மூணாம் நம்பரை ஆன்லைன் பண்ணியிருக்கிறார். நான் கீபோர்டில் கை வைப்பதற்குள் எல்லாம் நின்றது. லைனும் நின்றது.

மறுநாள் காலை அக்காவுக்கு மூன்றாவது கடிதம். கவனக்குறைவாம்! கையெழுத்து மிஸ்டர் ஞானம். தெரிந்தே போட்ட கையெழுத்து. அவர் அறைக்குப் போய், இது அநியாயம் இல்லையா சார் என்று கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"லைன் நிண்டால் லைன் லீடர்தானே பொறுப்பு. ரூல்ஸ் எண்டால் ரூல்ஸ்தான் லா."

யார் பெயர்?

யார் என்ன கட்டளை போட்டார், எந்த ப்ராசஸர் என்ன தப்பு செய்தது, அத்தனையும் கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கும். அன்றைய பதிவையும் முன்பு இரண்டு தடவை நின்றபோது எழுதிய பதிவையும் அச்சடித்துக்கொண்டு, அக்காவையும் அழைத்துக்கொண்டு, பணியாளர் அதிகாரியம்மா புவான் ரொஹானியிடம் போனேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். தாளில் தன் பெயரைப் பார்த்த மனுஷன் கொஞ்சமும் கூசாமல், "கம்ப்யூட்டரே ரோசாக், அது எழுதினதை எப்பிடி நம்புறது?" என்றார்.

"நல்லது சார், ரோசாக்னு எழுதிக் குடுங்க. அப்ப லைன் நின்னது அக்காவால இல்ல. ரோசாக் இல்லேன்னா, அதுல இருக்கிறது உங்க பேரு" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. புவான் ரொஹானி மூன்று கடிதங்களையும் எடுத்துக் கிழித்தார். மிஸ்டர் ஞானம் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். படியிறங்கும்போது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷம் என்று நினைத்தேன், இல்லை, கோபம்.

"கிழிச்சது சரி தம்பி, தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்த சொன்னா அந்த மனுஷன் கொறஞ்சா போயிருவாரு?"

ஏழு வருஷம் அங்கே குப்பை கொட்டினேன். தான் செய்த தப்பைத் தானே எழுதி வைத்தது அந்த மூணாம் நம்பர் ஒன்றுதான்.