ஸ்பார்க்கியின் பூட்டு

வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், வேலைகளுக்கு அனுமதி கொடுக்கும் பெர்மிட் ஆபீஸில் நான் இருந்த காலத்தில், தொழிலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை கிடையாது. இங்கிலாந்திலிருந்து வந்த சூப்பர்வைசருக்கு எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் ஸ்பார்க்கி, தச்சர் சிப்பி, கொத்தனார் பிரிக்கி. ஆஸ்திரேலியர் வந்ததும் லாரி டிரைவர்கள் டிரக்கி ஆனார்கள். அமெரிக்கருக்குத் தகர வேலை செய்பவர் டின் நாக்கர். நம் ஆட்களும் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்துக்காரருக்குத் தக்காளி என்று பெயர் வைத்திருந்தார்கள். வெயிலில் அவர் முகம் அப்படி.

இதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை, பூட்டு விஷயம் வரும்வரை.

மோட்டாரில் கை வைக்கும் ஒவ்வொருவரும் அதன் மெயின் ஸ்விட்சில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டு இருக்கும்வரை கரண்ட் கிடையாது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். அன்று ஒரு பம்பின் மோட்டாரில் மூன்று எலக்ட்ரீஷியன்களுக்கு வேலை, மூவரும் நம் ஆட்கள். தக்காளிக்கு நம் பெயர்கள் நீளம். அதனால் மூன்று அட்டைகளிலும் அவரே ஸ்பார்க்கி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வேலை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு கேம்ப் பஸ் கிளம்பிவிட்டது. ஒரு பூட்டு மட்டும் மிச்சம். பம்பை ஓட்டியாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. தக்காளி பஸ் டிரைவருக்கு போன் போட்டு, ஸ்பார்க்கி பஸ்ஸில் இருக்கிறாரா என்று கேட்டார். டிரைவர் பாகிஸ்தானி. "ஹான் பாய், ஸ்பார்க்கி இதர் ஹை" என்றார், ஆமாம், இங்கேதான் இருக்கிறார் என்று. தக்காளி நிம்மதியாகப் பூட்டை வெட்ட அனுமதி கேட்டு என் மேஜைக்கு வந்தார்.

"எந்த ஸ்பார்க்கி?" என்றேன்.

எழுதியிருக்கிறதே என்றார், பொறுமையிழந்து.

மாட்டியவர் இன்னார், இன்ன இடத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போட விதியில் இடமில்லை. ஆலையில் அந்த விதியை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், எல்லாருக்கும் என்மேல் சலிப்பு. எனக்கே என்மேல் இருந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்து, அந்தக் கொதிக்கும் வெயிலில் பம்பு இருக்கும் இடத்துக்கு நடந்தேன். தக்காளி திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

மோட்டாருக்குப் பின்புறம் இரண்டு கால்கள் தெரிந்தன. அந்த மூவரில் ஒருவரான புதுக்கோட்டைக்காரர். கரண்ட் கம்பிகள் வந்து சேரும் டெர்மினல் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டிருந்தார்.

"ஏம்ப்பா, பஸ்ஸுல போகலையா?"

"ஒரு நட்டு லூசா விட்ட மாதிரியே இருந்துச்சு சார். சோறு எறங்காது. அதான் திரும்பி வந்தேன்." எனக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தார். "என்ன சார், தக்காளி வெளுத்துருச்சு?"

உண்மையில் வெளுத்துத்தான் இருந்தது. தக்காளி தரையில் உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். புதுக்கோட்டைக்காரர் கைகளை மெதுவாக வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வழக்கம்போல் மீட்டிங் நடந்தது. அட்டையில் முழுப் பெயர் கட்டாயம் என்று சுற்றறிக்கை வந்தது. சீக்கிரமே ஸ்பார்க்கி ஒன்று, ஸ்பார்க்கி இரண்டு என்று அட்டைகள் தொங்கின. நான் திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தன.

புதுக்கோட்டைக்காரர் மட்டும் சொந்தமாக ஓர் அட்டை செய்துகொண்டார். தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் கொட்டை எழுத்தில், தமிழில். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தக்காளி கேட்டார்.

"ஸ்பார்க்கி, சார்" என்றார் அவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

பெயர் வேண்டும் என்கிற விதி, எந்த எழுத்தில் என்று சொல்லவில்லை. அனுமதித்தேன். நான் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பிய அன்றும் அது ஏதோ ஒரு மோட்டாரின் ஸ்விட்சில் தொங்கிக்கொண்டிருந்தது. என் நாற்காலிக்கு வந்தவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். அதை வாசிக்க யாரைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.