ரயிலுக்குப் பதில் சொன்ன வான்கோழி

வான்கோழி ஓடிப்போனதற்குக் கீரிதான் காரணம் என்று என் மாமனார் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உண்மையில் கூட்டின் கொக்கியைப் போட மறந்தது நான். கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத புது மருமகன் என்பதால் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கீரியைப் பற்றி இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

போர் நிறுத்தம் வந்து பதுளை வீதிகளில் தடைகளை எடுத்திருந்த காலம் அது. நான் பதுளையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்துப் பக்கம். அப்பா உத்தியோகம் பார்க்க வந்து இங்கேயே வீடு கட்டி, இங்கேயே காலமாகிவிட்டார். மனைவி தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா தோட்டத்துக் காவல்காரர். இரண்டு வீடும் வேதக்கார வீடு, கிறிஸ்தவ வீடுதான். ஆனால் என் அம்மாவுக்கு வேதம் ஒன்றாக இருந்தால் போதாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நான் பெண் எடுத்தது அவருக்கு ஆறாத கோபம். கலியாணத்தன்று கோயிலுக்கு வந்தார். ஆராதனை முடிந்ததும் தலையிடி என்று சொல்லிப் போய்விட்டார். விருந்தில் கை நனைக்கவில்லை.

அம்மாவிடம் ஒரு சிவப்பு பிளாஸ்க் உண்டு. தனக்குச் சரிப்படாத வீடுகளுக்குப் போகும்போது அதில் சுடுதண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு போவார். "எனக்குச் சுடுதண்ணி மட்டும்தான் ஒத்துக்கொள்ளும்" என்பார். பிடித்த வீடுகளில் ஐஸ் போட்ட சர்பத்தும் அவருக்கு ஒத்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷ நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின நாள் தோட்டத்துக்கு வரும்படி ஒரு மாதத்துக்கு முன்பே அம்மாவைக் கேட்டது நானல்ல, என் மனைவி. நேரே போய்க் கேட்டாள். அம்மா அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. அடுத்த நாள் என்னிடம் மட்டும், "வாறன். ஒரு மணித்தியாலம் இருப்பன். சாப்பாடு கீப்பாடு எண்டு ஒண்டும் வைக்கப்படாது" என்றார். மனைவி அழைத்துவிட்டாள், பதிலை மாமனாரிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் "அம்மா வாறாங்க" என்பதை மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. மாமனாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மாற்றலாகிப் போன தோட்ட மனேஜர், பெரிய துரை, தந்துவிட்டுப் போன வான்கோழிக் குஞ்சை அவர் எட்டு மாதமாக வளர்த்து ஆளாக்கியிருந்தார். அதைச் சம்பந்தி அம்மாவுக்கென்று ஒதுக்கிவிட்டார்.

மூன்று கிழமைக்குப் பிறகு நான் கொக்கியை மறந்தேன்.

மனைவிக்கு எல்லாம் தெரியும். என் முகத்தைப் பார்த்தே கொக்கியைக் கண்டுபிடித்தாள், பிறகு நான் விழுங்கிய பாதிச் செய்தியையும் கறந்துவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை.

"இந்தத் தடவையும் எங்கப்பா முன்னால ஒரு வாய் சாப்பிடாம எந்திரிச்சுப் போனாங்கன்னா, நான் இனி உங்கம்மா வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். நீங்க வேணும்னா ரெண்டு பக்கமும் நடந்துக்கிட்டு இருங்க" என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். அம்மா இல்லாத வீடும், அம்மா வீட்டுக்குப் போகாத மனைவியும் என்று வருஷக்கணக்கில் எப்படி வாழ்வது என்று நான் உண்மையாகவே பயந்தேன்.

வான்கோழிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ரயில் பாதைக்கு மேலே, தேயிலை கைவிடப்பட்டுக் கொய்யா மண்டிக்கிடந்த ஒரு சரிவில் அது குடியேறிவிட்டது. இரவில் சவுக்கு மரத்து உச்சியில் தூங்கும். சோளம் போட்டோம், வலை வைத்தோம், லயத்தில் பாதிப்பேர் சுற்றி வளைத்தோம். பத்தடி தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் பள்ளத்தின் மேலாகப் பறந்துபோயிற்று. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் இருந்தது. பெரிய சத்தம் எதைக் கேட்டாலும் அதனால் பேசாமல் இருக்க முடியாது. ரயில் குகைக்குள் நுழையுமுன் கூவினால், கொய்யாப் புதருக்குள்ளிருந்து 'களகளகள' என்று ஆங்காரமாக ஒரு பதில் வரும். அதை வைத்துத்தான் அது உயிரோடிருப்பதையும் இருக்குமிடத்தையும் அறிந்துகொண்டோம்.

"சுட்டுற வேண்டியதுதாங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

அவரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. காட்டுப்பன்றி விரட்டத் தோட்டம் அனுமதி எடுத்துக் கொடுத்தது. யுத்த காலத்தில் பொலிசார் வாங்கி வைத்திருந்து, சமாதானம் வந்ததும் கொஞ்சம் துருவையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தோட்டா போடும் துப்பாக்கி அல்ல. வாய் வழியாக எல்லாவற்றையும் போட்டு இடிக்கும் பழைய இடியன் வகை. முதலில் கருமருந்து, அதன்மேல் தேங்காய்த் தும்பு, இரும்புக் கம்பியால் இடி. பிறகு ஈயச் சன்னக் குண்டுகள், மறுபடி தும்பு, மறுபடி இடி. பின்பக்கத்துத் துளையின் மேல் சின்னச் செப்புக் கேப்பு ஒன்றை வைத்தால், சுத்தியல் போன்ற குதிரை வந்து அதில் அடிக்கும், அந்த நெருப்பு துளை வழியாக மருந்துக்குப் போகும். மாமனாரிடம் இருந்த மருந்து ஒரே ஒரு வெடிக்குத்தான் காணும். பால்மா டின் ஒன்றில் பத்திரமாக வைத்திருந்தார்.

புதிதாக வந்த துரையும் ஒரு வெடிக்குத்தான் சம்மதித்தார். பொலிசுக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்று. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் தொழிலாளர்களுக்கும், ஒரு வெடிச் சத்தம் கேட்கும், யாரும் பயப்பட வேண்டாம் என்று அறிவித்தார்கள். அதன்பிறகு மூன்று நாள் முழுத் தோட்டமும் அந்த ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கிடந்தது. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள், "என்னாங்க, இன்னிக்காச்சும் வெடிக்குமா? காதப் பொத்திப் பொத்தி வேலையே ஓடல" என்று மாமனாரைக் கேலி செய்தார்கள். அவர் அவசரப்பட்டுச் சுட்டுவிடவில்லை. ஒரு வெடியை வீணாக்கக் கூடாது என்று மூன்று நாளும் மருந்து இடித்த துப்பாக்கியை மழைப்பனியில் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

அம்மா வரும் நாளும் வந்துவிட்டது. அவர் பதுளையிலிருந்து காலை ரயிலில் வருவதாக ஏற்பாடு. நானும் மனைவியும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். நான் விடியற்காலையே மாமனாரோடு கொய்யாச் சரிவில் படுத்திருந்தேன். மூடுபனி, தூறல், காலில் அட்டை. ஒன்பது மணிக்கு ரயில் கூவியது.

பதில் எங்களுக்கு முப்பதடி கீழேயிருந்து வந்தது.

ஒரு பாறையின் மேல் வாலை விரித்துக்கொண்டு நின்றது. மாமனார் முழங்காலில் எழுந்தார், குறி பார்த்தார், விசையை இழுத்தார். 'டக்'. அவ்வளவுதான். கேப்பு வெடித்தது, துப்பாக்கி வெடிக்கவில்லை. வான்கோழி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கி, விழுந்துகிடந்த கொய்யாப் பழத்தைக் கொத்தத் தொடங்கியது. மாமனார் அடுத்த கேப்பை வைத்தார். மறுபடியும் 'டக்'. அதன் பிறகு அவர் துப்பாக்கியோடு மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தார். கெஞ்சினார், திட்டினார், வேதக்காரர் சொல்லக் கூடாத ஒன்றையும் சொன்னார். கால் மணித்தியாலம் அப்படியே போயிற்று. ஸ்டேஷனை நான் சுத்தமாக மறந்துவிட்டேன்.

"ஒண்டும் செய்யாதேங்கோ. பொறுங்கோ."

பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தபோது என் உயிர் ஒரு கணம் என்னிடம் இல்லை. ஸ்டேஷனிலிருந்து லயத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் அம்மா நின்றார். பட்டுச்சேலை, குடை, கையில் சிவப்பு பிளாஸ்க். பக்கத்தில் என் மனைவி, என்னைப் பார்வையாலேயே சுட்டுக்கொண்டு.

கலியாணமான நாளிலிருந்து அம்மா மாமனாரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது குடையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"குழல் வாயை மேல பிடியுங்கோ. உள்ளுக்க நெருப்பு கிடந்தாலும் கிடக்கும், கொஞ்சம் பொறுத்துத்தான் தொட வேணும்." மாமனார் குழலை வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்தார். பிறகு அம்மா தோளில் சேலையைக் குத்தியிருந்த பின்னைக் கழற்றி நீட்டினார். "துளை அடைச்சுப்போச்சு. இதாலை நல்லாக் குத்துங்கோ. மருந்து மிச்சம் இருக்கோ?"

"இல்லீங்களே அம்மா" என்றார் மாமனார்.

"டின்னுக்க ஒட்டிக்கொண்டிருக்கிற தூள் காணும். அதைத் துளைக்குள்ள தட்டுங்கோ."

மாமனார் குத்தினார், தட்டினார். பிறகுதான் அவருக்கு ஆச்சரியப்பட நேரம் கிடைத்தது. "இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்கம்மா தெரியும்?"

"எங்கட அப்பா வன்னியில குளத்து வேலையளைப் பாக்கிற ஓவசியர். இடியன் துவக்கு வைச்சிருந்தவர். அதைக் கழுவிறது என்ரை வேலை." என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ என்னடா வாயைப் பிளக்கிறாய்? நீ கேட்டனியே ஒரு நாளும்?" என்றார்.

கேட்கவில்லைதான். அம்மா பிறந்ததிலிருந்தே பதுளையில் பிளாஸ்க்கோடு இருக்கிறார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

மாமனார் மறுபடி குறிபார்த்தார். அம்மா காதைப் பொத்தினார், மனைவி பொத்தினாள், நான் பொத்த மறந்துவிட்டேன். வெடித்தது. மலை இரண்டு முறை திருப்பிச் சொன்னது. மாமனார் பின்பக்கமாகத் தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்தார். வெள்ளைப் புகை மூடுபனியோடு சேர்ந்து எங்களையும் பாறையையும் மூடியது. முகத்துக்கு முன்னால் பிடித்த கை தெரியவில்லை. தூரத்தில் எங்கோ கொழுந்து மலையில் பெண்கள் 'ஓ' என்று கத்திக் கைதட்டும் சத்தம் கேட்டது.

பிறகு புகைக்குள்ளிருந்து, "களகளகள!"

வெடிச் சத்தத்துக்கும் பதில் சொல்லிவிட்டது. புகை விலகியபோது ஒரு கொய்யாக் கிளை முறிந்து தொங்கியது. வான்கோழி ஒரு இறகுகூடக் குறையாமல் பாறையில் நின்றுகொண்டிருந்தது. எங்களுக்கு நன்றாகப் பார்க்க நேரம் தந்துவிட்டுப் பள்ளத்தைக் கடந்து பறந்துபோயிற்று.

முதலில் சிரித்தது அம்மா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்பா போன பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. தேயிலைச் செடிக்குள் இருந்தபடியே மாமனாரும் சிரிக்கத் தொடங்கினார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

"சரி, துவக்கைக் கழுவுங்கோ" என்றார் அம்மா.

"அந்திக்குக் கழுவிக்கலாங்கம்மா."

"அந்திக்கோ? கருமருந்துப் புகை ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைச்சிடும். இப்பவே சுடுதண்ணி விட வேணும்." சொல்லிக்கொண்டே பிளாஸ்க்கைத் திறந்தார். மனைவி குழலை நிமிர்த்திப் பிடித்தாள். அம்மா குழலின் வாய் வழியாகச் சுடுதண்ணீரை ஊற்ற, பின்பக்கத் துளை வழியாகக் கன்னங்கரேலென்று வந்தது. இன்னும் ஊற்றினார். மூன்றாம் முறை தெளிவாக வந்தது. அவருக்குத் திருப்தி. பிளாஸ்க்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் விட்டார்.

கவிழ்த்த கை அப்படியே நின்றது. அது எதற்குக் கொண்டுவந்த தண்ணீர் என்று அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது என்பதை முகத்தில் கண்டேன். மனைவியும் கண்டாள். அம்மா பிளாஸ்க்கை மூடிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் மேட்டில் ஏறத் தொடங்கினார்.

நல்ல ஏற்றம் அது. லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, உதடு காய்ந்திருந்தது. மாமியார் கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காம்பரா என்கிற முன்னறையில் இருத்தி, கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மாமனார் கதவோரம் நின்றார். மனைவி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். கிளாசிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. நான் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எடுத்தார். ஊதி ஊதி, நிறுத்தாமல், அடிவரை குடித்தார். வெறும் கிளாசை மாமியாரிடம் நீட்டினார்.

"அடுத்ததுக்குச் சீனியைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ."

மாமியார் அடுப்படிக்கு ஓடினார். மனைவி சுவரை விட்டு என்னைப் பார்த்தாள்.

மத்தியானம் சோறு, கருவாட்டுக் குழம்பு, பலாக்காய்க் கறி. வான்கோழி இல்லை என்று மாமனார் பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டார். அம்மா கருவாட்டை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, "அடுத்த நத்தாருக்கு மருந்தைக் காயவைச்சு வையுங்கோ சம்பந்தி, நான் வந்து பாக்கிறன்" என்றார். ஓடியதற்குக் கீரிதான் காரணம் என்று மாமனார் தொடங்க, கொக்கியைப் போடாதது நான்தான் என்று அப்போது சொல்லிவிட்டேன். "தெரியுங்க மாப்பிள்ளை" என்றார் அவர். எல்லோருக்குமே தெரிந்திருந்தது.

ஒரு மணித்தியாலம் என்று வந்தவர் கடைசி ரயிலுக்குத்தான் எழுந்தார். புறப்படும்போது மனைவி கேட்காமலே சிவப்பு பிளாஸ்க்கைக் கழுவி, சீனி குறைந்த தேத்தண்ணியை வாய்வரை ஊற்றினாள். கீழே எதிர்த்திசையில் போகும் ரயில் ஒன்று கூவியது. சரிவிலிருந்து உடனே பதில் வந்தது. அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடியை நல்லா இறுக்கும் பிள்ளை" என்றார். "வழியில ஒரு சொட்டும் சிந்தக் கூடாது."