கற்பூரம் இழுத்த தெப்பம்

கோட்டுச்சேரிப் பக்கம் பங்கஜவல்லி டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. வேதியியல் பாடம் எடுப்பதால் அல்ல; எதைக் கண்டாலும் அதன் மேல்தோலைத்தான் பார்ப்பார். பந்தியில் ரசம் ஊற்றினால் குடிக்கமாட்டார். மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார், பாயசம் வந்து போய்விடும். கீழவாஞ்சூர்த் துறைமுகத்து நிலக்கரி லாரிகள் புண்ணியத்தில் ஸ்கூட்டர் சீட்டில் படிகிற கரித்தூளைக்கூட விரலால் தொட்டு ஆராய்ந்துவிட்டுத்தான் துடைப்பார்.

அவருக்குப் பிறந்த வீடு தெற்குத் தெரு, புகுந்த வீடு வடக்குத் தெரு. நடுவே கோயில் குளம். தெப்பத்தின் வடத்தை எந்தத் தெரு முதலில் பிடிப்பது என்று மூண்ட சண்டையில் தெப்பம் கரையேறி நான்கு வருடம். வடக்கே முறைத்து நின்றவர் கணவர் சிவசுப்பிரமணியன். தெற்கே தம்பி கலைவாணன். கூப்பிடு தூரத்தில் இருக்கிற அம்மா வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்க டீச்சருக்கு வழியில்லை.

"வடம் இருந்தாத்தானே சண்டை? கற்பூரம் இழுக்கட்டும்!" என்றார் ஒருநாள்.

தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, வாழைப்பட்டைத் துண்டின் பின்னால் கற்பூரத்தை ஒட்டி விட்டார். கற்பூரம் கரைந்து பரவிய பக்கம் நீரின் பிடி தளர்ந்தது. எதிர்ப்பக்கத்து நீர் பட்டையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. பட்டை விர்ரென்று ஓடியதைப் பார்த்துக் குருக்கள் தெட்சிணாமூர்த்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். உற்சவர் கனம் தாங்காது என்று கட்டைவிரல் உயரப் பிள்ளையார் ஒருவரைப் பிடித்தார்கள். இரண்டு தெருவும் தனித்தனியாகத் தலையாட்டின.

திருவிழா மாலை மேளம் முழங்க, முறம் அளவு வாழைப்பட்டைத் தெப்பம் செங்கல் அளவு கற்பூரத்தோடு குளத்தில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே நின்றது.

"டீச்சரம்மா, இஞ்சின் ஸ்டார்ட் ஆவலயே! தள்ளி வுடவா?" என்றது தெற்குக் கரை.

"தள்ளுறதுன்னா நாங்கதான் மொதல்ல!" என்றது வடக்குக் கரை.

இன்னொரு சண்டை வந்தால் அம்மா வீடு அவ்வளவுதான். டீச்சர் குனிந்து நீரின் தோலைப் பார்த்தார். மயில்கழுத்து நிறம் நெளிந்தது.

"என்னங்க, காலையில எங்க தலை முழுகினீங்க?"

"சாமி காரியமாச்சே, கொளத்துலதான். நீதானே எண்ணெய் காய்ச்சித் தேச்சு அனுப்பின?"

"மத்தவங்க?"

"ஊரே முழுகிச்சு. தெக்குத் தெருக்காரனுவ மட்டும் சும்மா இருப்பானுவளா?"

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒரு கரண்டி எண்ணெய் போதும், குளத்தை மெல்லிய ஏடாக மூடிவிடும். அதன்மேல் கற்பூரத்தின் ஜம்பம் பலிக்காது. இங்கோ இரண்டு தெருத் தலைகள்! அதில் பாதிப் பாவம் அவர் காய்ச்சிய எண்ணெய்.

தெப்பத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கத்தினார்: "வேட்டிங்கள முடிச்சுப் போடுங்க! ஆளுக்கொரு முனை புடிச்சு, தண்ணி மேல இருக்கிற எண்ணெயை வழிச்சு அந்த மூலைக்குத் தள்ளுங்க!"

ஒரு முனையைக் கணவரும் மறுமுனையைத் தம்பியும் பிடித்து, மார்பளவு நீரில் முறைத்துக்கொண்டே நடந்தார்கள். நடுக்குளத்தில் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, ஒங்க பக்கம் தூக்குது. தாழ்த்திப் புடிங்க."

"நீ வேகத்தக் கொறடா. எண்ணெயெல்லாம் அடியில நழுவுது."

"நழுவுறது ஒங்க தல எண்ணெதான்!"

"எண்ணெய் நிக்க என் தலையில முடி எங்கடா இருக்கு?"

இரண்டு கரையும் சிரித்தன. டீச்சர் வழித்த நீரில் தெப்பத்தை விட்டார். சீறிக் கிளம்பிய பிள்ளையாரை நிறுத்தும் வித்தை மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. தீபாராதனைத் தட்டோடு குருக்கள் "நில்லுங்கோ சுவாமி!" என்று கரையைச் சுற்றி ஓட, பிள்ளையார் அவரை இரண்டு தரம் முந்தினார்.

குளத்துக்குள் வாக்குவாதம் ஓயவில்லை.

"அக்கா! இந்த மனுசனக் கூட்டிக்கிட்டு வூட்டுக்கு வா! அம்மா முன்னாடி வச்சுப் பேசிக்கிறேன்!" என்று கலைவாணன் மிரட்டினான்.

டீச்சர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

அம்மா கொடுத்த காப்பியின் மேல் கெட்டியாக ஆடை படிந்திருந்தது. அதை மட்டும் அவர் குனிந்து பார்க்கவில்லை, ஆடையோடு குடித்தார்.