சிவப்பு மணலில் காற்றுப் போன கதை

மனைவியின் தங்கை மெல்பேர்னில் இருக்கிறார். அவருடைய மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வைத்தபோதுதான் நாங்கள் முதன்முதலாக அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டோம். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. அப்போது நான் ஜெர்மனியின் பீலெஃபெல்டில், உறைந்த உணவுகள் வைக்கும் ஒரு பெரிய குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊரே அரைக் களிசானோடு திரியும் ஆடி மாதத்திலும் கம்பளித் தொப்பியோடு வேலைக்குப் போகிறவன்.

"சடங்கு முடிஞ்சு மிச்ச நாளெல்லாம் வீடு வீடாப் போய் ரோல்ஸ் சாப்பிட எனக்கு ஏலாது" என்றாள் மனைவி. பயண முகவர் கடையிலிருந்து அவள் ஒரு விளம்பரப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். நடு அவுஸ்திரேலியாவின் பாலைவனம், நான்கு சில்லும் இழுக்கும் வாகனம், ஜெர்மன் பேசும் வழிகாட்டி, இரவில் கூடாரம்.

"கூடாரமோ? காசு குடுத்து ஆரும் முகாமில போய் இருப்பினமே? இந்த நாட்டுக்கு வந்த புதுசில இருந்தது காணாதே?"

"அது அகதி முகாம். இது காம்பிங். வித்தியாசம் தெரியாட்டி வேலையிடத்தில ஆரையும் கேளுங்கோ."

கேட்டேன். அதுதான் பிழை. வேலையிடத்தில் எல்லா ஜெர்மன்காரரும் காம்பிங் போகிறவர்கள். படுக்கைப் பையின் உள்பஞ்சு பற்றி ஒருவர் இடைவேளை முழுவதும் விளக்கினார். இன்னொருவர் ஒரு கடையின் பெயர் சொன்னார். அங்கே போய், முழங்காலில் சிப் வைத்து, வேண்டுமானால் அரைக் களிசானாக்கிக்கொள்ளும் ஒரு களிசான் வாங்கினேன். உடுப்பு மாற்றும் அறையில் ஒரு காலைக் கழற்றிவிட்டேன். மற்றக் கால் வரவில்லை. திரும்பப் பூட்டவும் தெரியவில்லை. கடைசியில் கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் குந்தியிருந்து என் காலைக் கழற்றிக்கொண்டிருக்க, நான் சுவரில் தொங்கிய மலைகளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சடங்கு முடிந்து அலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கினோம். வெளியே வந்ததும் யாரோ சூளைக் கதவைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது. வழிகாட்டி எங்களுக்காகக் காத்திருந்தார். ஹம்பேர்க்கில் பிறந்து, வாழ்க்கையின் பாதியைப் பாலைவனத்தில் வண்டி ஓட்டியே கழித்த பெண். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விரல்கள் நொந்தன.

குழுவில் எங்களைத் தவிர நான்கு பேர். இரண்டு பேர் எதற்கெடுத்தாலும் சிரிக்கும் தாதிகள். மற்ற இருவரும் டிரெஸ்டனிலிருந்து வந்த வயதான தம்பதி. கணவர் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியியலாளர். மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். அந்தி வெயிலில் நெருப்புத் துண்டுபோலச் சிவக்கும் உலூருப் பாறையின் படம் ஒன்றைப் பள்ளிக்கூடக் காலத்தில் யாரோ அவருக்குக் கொடுத்திருந்தார்கள். வெளிநாடு போக அனுமதி இல்லாத நாட்டில், அந்தப் படத்தைக் கட்டிலின் மேல் ஒட்டி வைத்திருந்தாராம். மதில் விழுந்தபின் வேலை, வீடு, பிள்ளைகள் என்று தள்ளிப்போய், இப்போதுதான் வந்திருக்கிறார்.

வண்டியில் ஏறியதுமே அவர் என்னிடம் கேட்டார்: "நீ வெப்ப நாட்டுக்காரன். இந்த வெயில் உனக்குச் சாதாரணம்தானே?"

எங்கள் ஊரில் இப்படியான வெயிலில் எவரும் வெளியே வருவதில்லை, வேப்பமரத்துக்குக் கீழே சரிந்து கிடப்போம் என்ற உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஓம், இதெல்லாம் எங்களுக்கு ஒரு வெயிலா" என்ற கருத்து வரும்படி தோளைக் குலுக்கினேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. வழிகாட்டி எல்லாருக்கும், முகத்தில் மொய்க்கும் இலையானுக்கு முகவலை கொடுத்தபோது, எனக்குத் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். முதல் நடையிலேயே, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் பற்றித் தாதிகளுக்கு விவரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு இலையான் நேரே தொண்டைக்குள் போய்விட்டது. பொறியியலாளரின் மனைவி என் முதுகில் தட்டினார். மத்தியானத்துக்குப் பிறகு என் மனைவியின் பூப்போட்ட சால்வையால் தலையையும் முகத்தையும் மூடி, கண் மட்டும் தெரிய நடந்தேன். தாதிகள் படம் எடுத்தார்கள்.

மாலையில் வழிகாட்டி வேலைகளைப் பிரித்தார். நான் கையை உயர்த்தினேன்.

"நெருப்பை என்னிடம் விடு. நாங்கள் விறகில் சமைத்து வளர்ந்தவர்கள்."

சமைத்தது அம்மா. நான் சாப்பிட்டு மட்டும் வளர்ந்தவன். பீலெஃபெல்டில் எங்கள் அடுப்புக்குத் திருகியைத் திருப்பினால் போதும். நான் மூட்டிய நெருப்பில் புகை மட்டும் வந்தது. எல்லாரும் இருமினார்கள். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, விறகை அலுமாரியில புத்தகம் அடுக்கின மாதிரி அடுக்கி வைச்சிருக்கிறியள்? காத்துப் போக வழி வேண்டாமே? எழும்புங்கோ."

எழும்பினேன். நெருப்பும் எழும்பியது. அன்றிரவு அவள் பொதியிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்து, தகரப் பேணியில் அடைத்த மீனில் ஒரு குழம்பு வைத்தாள். வழிகாட்டி சட்டியை வழித்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வழிகாட்டிக்கு ஏதாவது ஆலோசனை தேவைப்பட்டால் என் மனைவியிடம்தான் போவார்.

உலூருவைப் பார்க்கும் நாள் வந்தது. பொறியியலாளர் காலையிலேயே நன்றாகச் சவரம் செய்து, வெள்ளைச் சேட் போட்டிருந்தார். டிரெஸ்டனிலிருந்து காவி வந்த ஸெக்ட் என்ற நுரைமதுப் போத்தல் ஒன்றை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். அந்தி சாயும்போது பாறைக்கு முன் அதைத் திறப்பதாக ஏற்பாடு. முழு நாளும் வானத்தில் ஒரு முகில் இல்லை.

பின்னேரம், பிரதான வீதியை விட்டு ஒரு மணல் பாதையில் திரும்பினோம். சிறிது தூரத்தில் சில்லுகள் புதையத் தொடங்கின. வழிகாட்டி வண்டியை நிறுத்தி, ரயர்களில் கொஞ்சம் காற்றைக் குறைக்க வேண்டும், அப்போதுதான் அவை தட்டையாகப் பரந்து மணலின் மேல் போகும் என்றார். ஆளுக்கொரு சில்லு என்று நான்கு பேரைக் கேட்டார்.

"எனக்கு இது தொழில். சில்லு உள்ள வாகனம்தான் ஒவ்வொரு நாளும் ஓட்டுகிறேன்" என்று முதலில் இறங்கியவன் நான். எங்கள் ஃபோர்க்லிஃப்டின் சில்லுகள் முழு றப்பர். அவற்றில் காற்றே கிடையாது. இது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஒரு சின்னச் சாவியையும் காற்றளக்கும் மானியையும் வழிகாட்டி தந்தார். "வால்வின் நடுவில் மெல்ல அமத்து. ஊசி இந்தக் கோட்டுக்கு வந்ததும் விட்டுவிடு. வேறொன்றும் செய்யாதே."

முன் சில்லில் பொறியியலாளர், மூக்குக்கண்ணாடியை மாட்டி, அமத்துவதும் அளப்பதுமாக இருந்தார். பின் சில்லில் நான். எனக்கு அது மிகவும் மெதுவாகப் பட்டது. சாவியின் மற்றப் பக்கத்தில் திருகுவதற்கு ஏற்ற ஒரு பிளவு இருந்தது. திருகினால் கெதியாகப் போகுமே என்று திருகினேன். கெதியாகத்தான் போனது. வால்வின் உள்ளே இருந்த சின்ன ஊசி துப்பாக்கி ரவைபோலப் பறந்து, எங்கோ சிவப்பு மணலுக்குள் விழுந்தது. சீறிக்கொண்டு வந்த காற்றைப் பெருவிரலால் அடைத்துப் பார்த்தேன். பெருவிரலைத் தள்ளிவிட்டு வந்தது.

"இஞ்சருங்கோ, என்ன சத்தம் அது?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்டுமில்லை" என்றேன். சொல்லும்போதே வண்டி என் பக்கம் சரிந்தது.

வழிகாட்டி வந்து பார்த்தார். ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுதத் தேவையில்லை. அவரிடம் மாற்று ஊசி இருந்தது. ஆனால் வண்டியின் பாரம் முழுவதும் வெறும் ரயரில் இறங்கியதால், அது வளையத்தை விட்டே விலகிவிட்டது. இனிச் சில்லையே மாற்ற வேண்டும். மணலில் ஜாக் நிற்கவில்லை. பலகை வைத்தால் பலகையும் புதைந்தது. தோண்டினோம். எல்லாரும் தோண்டினோம். தாதிகள்கூடச் சிரிக்கவில்லை. நான் ஆவேசமாகத் தோண்டியதில், ஏற்கெனவே தோண்டிய இடத்தை என் மணலால் மூடிக்கொண்டிருந்தேன். வழிகாட்டி மண்வெட்டியை என்னிடமிருந்து வாங்கி என் மனைவியிடம் கொடுத்தார்.

பொறியியலாளர் தன் வெள்ளைச் சேட்டோடு வண்டிக்குக் கீழே படுத்து ஜாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே தலையைத் திருப்பிச் சூரியனைப் பார்த்தார். அவர் பார்க்கிற ஒவ்வொரு முறையும் நானும் பார்த்தேன். ஒருவழியாகச் சில்லைப் பூட்டி எழும்பியபோது, சூரியன் பற்றைகளுக்குக் கீழே போயிருந்தது. வானம் முழுக்கச் சிவப்பு. பாறை இருக்கும் திசையில் பற்றைகள்தான் தெரிந்தன.

அவர் கொஞ்சத் தூரம் தனியாக நடந்துபோய், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி நேரே என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் உன்மேல் மிகவும் கோபமாக இருக்கிறேன். இன்றைக்கு உன்னோடு பேச மாட்டேன். நாளைக்குப் பேசுவேன்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பாதையோரமாகவே கூடாரம் அடித்தோம். உள்ளே படுத்திருந்தபோது மனைவியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட ஆக்களெண்டால் 'அதுக்கென்ன தம்பி, பரவாயில்லை' எண்டு சொல்லிப்போட்டு, பிறகு சாகுமட்டும் ஒரு கொண்டாட்டத்துக்கும் சொல்ல மாட்டினம். இந்த மனிசன் எவ்வளவு நேர்மையாக் கோவிக்கிறார் பாருங்கோ."

"நீர் சிரியும். எனக்கு நெஞ்சு அடைக்குது."

"அடைக்கட்டும். அப்பவாவது வாய் மூடிக் கிடக்கும்."

காலையில் நான் கோப்பையைக் கையில் பிடித்தபடி, அவர் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து பக்கத்தில் இருந்தார். "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொன்னார். பிறகு, "நேற்று அந்த வால்வை நீ உண்மையில் என்ன செய்தாய்? எனக்கு விளங்கவில்லை. வந்து காட்டு" என்றார். கழற்றிப் போட்டிருந்த சில்லின் முன் குந்தியிருந்து, என் மடைத்தனத்தைப் படிப்படியாகச் செய்து காட்டினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு ஒரு குச்சியால் மணலில் படம் கீறி, காற்றழுத்தம் பற்றி ஒரு முழு விரிவுரை நடத்தினார். அவர் குரலில் நேற்றைய கோபத்தின் சாம்பல்கூட இல்லை. எனக்குத்தான் இன்னும் அந்தரமாக இருந்தது.

அன்றைய நீண்ட நடையை விட்டுவிட்டு, அந்தியில் பாறைக்கு முன் நிற்கலாம் என்று வழிகாட்டி திட்டத்தை மாற்றினார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் மத்தியானம் மேற்கிலிருந்து முகில் ஏறத் தொடங்கியது. வழிகாட்டியே ஆச்சரியப்பட்டார், இந்த மாதத்தில் முகிலா என்று. நாங்கள் மடிப்புக் கதிரைகளைப் போட்டு வரிசையாக இருந்தபோது வானம் முழுவதும் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் அந்த மாபெரும் பாறை, நனைந்த செங்கல்லின் நிறத்தில் கிடந்தது. சிவக்கவில்லை. சிவக்கப் போவதாகவும் தெரியவில்லை. முதல் நாள் மட்டும் வந்திருந்தால் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். 

அவர் கடைசி வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தார். இருட்டத் தொடங்கியபோது, "ஷாட" என்றார். ஜெர்மனில், வீணாய்ப் போயிற்றே என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். பிறகு போத்தலைத் திறந்து, முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார். நான் மதுவைத் தொடாதவன் என்று அதுவரை குழுவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். மனைவி என்னைப் பார்த்தாள். வாங்கிக் குடித்தேன். புளித்தது.

ஜெர்மனி திரும்பியபின் பொறியியலாளரின் மனைவியும் என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினார்கள். அடுத்த கோடையில் பால்டிக் கடற்கரைக்குக் காம்பிங் போக எங்களையும் கூப்பிட்டார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல முதலே மனைவி ஓமென்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பல கோடைகள் போயிருக்கிறோம். அங்கே அனேகமாக மழை பெய்யும். பெண்கள் இருவரும் மழையங்கி போட்டுக்கொண்டு கடற்கரையில் நடக்கப் போவார்கள். பொறியியலாளர் கூடாரம் அடிப்பார். எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை. அதை யாரும் எனக்கு விளக்க வேண்டி வந்ததில்லை.