யாரும் படிக்காத மூன்றாவது கட்டம்

அவருக்கு ‘அரைத்தூக்கம்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். வைத்ததற்கு இப்போது வருத்தப்படுகிறேன் என்றாலும், அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. மூன்றாம் மாடியில் ஜன்னலை ஒட்டிய மேசை அவருடையது. ஒரு படிவத்தை எடுத்து முழுக்கப் படித்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். தலை லேசாகச் சாயும். புதிதாக வருகிறவர்கள், இந்த அம்மாள் பட்டப்பகலில் தூங்குகிறாரே என்று முகம் சுளிப்பார்கள். பிறகு கண்ணைத் திறந்து பென்சிலால் எண்களை வரிசையாக எழுதுவார். எழுதியதை அழித்து நான் பார்த்ததில்லை.

அது புள்ளிவிவர அலுவலகம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய், நேற்று முழுநாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்வார்கள். நாளை அரை மணி அரை மணியாக வெட்டி நாற்பத்தெட்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டங்கள். என்ன செய்தீர்கள் என்பது முதல் கட்டம். எங்கே இருந்தீர்கள் என்பது இரண்டாவது. தனியே விட்டுப் போக முடியாத யாராவது அப்போது உங்கள் பொறுப்பில் இருந்தார்களா என்பது மூன்றாவது. ஒவ்வொரு வரிக்கும் வேலை, பராமரிப்பு, ஓய்வு என்று பிரித்து ஒரு எண் போடுவதுதான் மேசைக்காரர்களின் வேலை. பெண்கள் எழுதிய ஆறாயிரம் படிவங்கள் மூன்றாம் மாடிக்கு வரும். ஆண்கள் எழுதியவை இரண்டாம் மாடிக்குப் போகும். இரண்டாம் மாடிக்காரர்கள் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு.

அரைத்தூக்கம் இருபத்திரண்டு வயதில் இந்த வேலைக்கு வந்தவர். முதலில் தெருத் தெருவாக நடந்து கணக்கெடுத்தார். ஒரு மழைநாளில் யார் வீட்டு மாடிப்படியிலோ வழுக்கி முழங்கால் போனது. அதன்பிறகு மேசைக்கு மாற்றினார்கள். ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் தற்காலிக வேலை. அப்படியே பத்தொன்பது ஆண்டு ஓடிவிட்டது. கணவர் பேருந்து ஓட்டுநர், ஒரே மகள் பள்ளியில். இரண்டு தெரு தள்ளி அவருடைய அக்கா இருந்தார். அந்த அக்காவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கண்ணை மூடி என்னதான் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கதவைத்தான் என்றார். படிவத்தைப் படித்ததும் ஒரு கதவு தெரியுமாம். திறந்து உள்ளே போவாராம். ஐந்தரை மணி வரிக்கு அடுப்பு எரியும், ஆறு மணி வரிக்கு ஒரு குழந்தை செருப்பைத் தேடும். அப்படியே நாற்பத்தெட்டு அரை மணியும் நடந்துவிட்டு வெளியே வருவாராம். ஆறாயிரம் வீட்டில் ஒரே நேரத்தில் விளக்கு எரிவதை நினைத்தால் இந்த மாடியே மிதக்கிற மாதிரி இருக்கும் என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று மாலை வீட்டுக்கு நடந்தபோது, வழியில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு போட்டுக்கொண்டே வந்தார்கள். எனக்கும் கால் தரையில் பாவவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு என்னுடையது. நான் தொழிலாளர் அலுவலகத்துக்காரன். ஆணும் பெண்ணும் சமமாகிக்கொண்டு வருகிறார்களா என்பதை அளக்க நான்கு அலுவலகங்கள் கைகோக்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. புள்ளிவிவரம், மகளிர் நலம், தொழிலாளர், பல்கலைக்கழகம் ஆகிய நான்கையும் ஒட்டவைக்க என்னை அனுப்பினார்கள். அங்கே எனக்குப் பெயர் ‘பசை’. கையில் பசையுள்ள ஆள் என்று நினைத்துவிட வேண்டாம், வெறும் ஒட்டுகிற பசைதான்.

ஓய்வு என்றால் என்ன என்று முடிவு செய்ய எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. ஒரு பெண் நோயாளி பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறாள். அது வேலையா? சம்பளம் தராததை வேலை என்று சொல்ல மாட்டோம் என்றது எங்கள் அலுவலகம். அது பராமரிப்பு, போனமுறை அப்படித்தான் எழுதினோம் என்றது மகளிர் நலம். சொந்த நேரம் என்றார் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஒத்துவரவில்லை என்றால் அந்த வரியையே நீக்கிவிடலாம் என்றது புள்ளிவிவரம். நாலு பேரும் நாலு பக்கம் இழுத்தார்கள். ஏழாவது மாதம் ஒரு மத்தியானம், எல்லோருக்கும் கண் சொருகிய வேளையில், நான் சொன்னேன்: “உட்கார்ந்திருந்தேன்னு எழுதினா ஓய்வுல சேர்த்துடலாம். மூணாவது கட்டத்தைக் கணினில ஏத்த வேண்டாம். ஆனா படிவத்துல அச்சடிச்சுடலாம்.”

எல்லோர் முகமும் மலர்ந்தது. கேட்க நினைத்தவர்களுக்குக் கேட்டாகிவிட்டது, எண்ண விரும்பாதவர்கள் எண்ண வேண்டியதில்லை. தேநீர் வந்தது, கை குலுக்கினோம். பூசி மெழுகுவதில் நான் கெட்டிக்காரன் என்று அன்று பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் அவமானமாக இருக்கிறது.

அதுவரை எண் போட்ட படிவங்களை வைத்து முதல் கணக்கு வந்தபோது மாடியே குதூகலித்தது. ஐந்து ஆண்டுக்கு முன்பு ஒரு பெண்ணுக்கு நாளில் ஒரு மணி ஐம்பது நிமிடம்தான் ஓய்வு. இப்போது இரண்டு மணி நாற்பது நிமிடம். ஐம்பது நிமிட முன்னேற்றம்! புள்ளிவிவர அலுவலகத்தின் இயக்குநர் அம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பாராட்டினார். இன்னும் மூன்று வாரத்தில் அறிக்கை வெளியாக வேண்டும். நகராட்சி அதற்காகத்தான் காத்திருந்தது. நகராட்சி ஒரு பகல் பராமரிப்பு இல்லம் நடத்துகிறது. படுக்கையில் கிடப்பவர்களையும் தனியே விட முடியாதவர்களையும் பகலில் அங்கே விட்டுவிட்டு வரலாம். இருபது இடம் கூட்டுவதா, வேண்டாமா என்பதை இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பெண்களுக்குத்தான் ஓய்வு கூடிவிட்டதே, பிறகு எதற்கு இருபது இடம்? அந்த இல்லத்துக்குக் காத்திருந்த பட்டியலில் ஒரு பெயர் அரைத்தூக்கத்தின் அக்கா கணவருடையது. எனக்கு அது அப்போது தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் பட்ட திகைப்பை நீங்களும் பட வேண்டியதில்லை.

அடுத்த நாள் அவர் ஒரு படிவத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கையெழுத்து தெரிந்தவருடையது என்றால் அந்தப் படிவத்தைத் தொடக்கூடாது, யாருடையது என்று சொல்லவும் கூடாது, வாய் பேசாமல் வேறு மேசைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

“இத நான் போடக்கூடாது சார். நீங்க போட்டுடுங்க” என்றார். வாங்கிப் படித்தேன். காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ‘சும்மா உட்கார்ந்திருந்தேன்’. இரண்டு முதல் ஆறு வரை அதேதான். என்னுடைய விதிப்படியே மளமளவென்று எண் போட்டேன்: ஓய்வு, ஓய்வு, ஓய்வு. ஐந்தரை மணி நேர ஓய்வு. கொடுத்துவைத்த அம்மாள் என்றுகூட வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் நகராமல் அங்கேயே நின்றார்.

“மூணாவது கட்டத்தப் படிச்சீங்களா சார்?”

“அத நாமதான் ஏத்துறதில்லையே.”

“ஏத்த வேண்டாம். படிங்க.”

படித்தேன். முதல் வரியில் ‘ஆம்’. இரண்டாவதில் ‘ஆம்’. குளித்த அரை மணியில் ‘ஆம்’. சாப்பிட்ட அரை மணியில் ‘ஆம்’. தூக்கம் என்று எழுதிய வரிகளிலும், ஒவ்வொன்றிலும், அதே சாய்ந்த கையெழுத்தில் ‘ஆம்’. நாற்பத்தெட்டு. முதல் வரியில் மட்டும் எழுதிவிட்டுக் கீழே வரை ஒரே கோடாக இழுத்துவிட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த அம்மாள் நாற்பத்தெட்டு முறையும் எழுதியிருந்தார். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. முதல்முறையாக நானும் கண்ணை மூடினேன். ஒரு கதவு தெரிந்தது, கட்டில் தெரிந்தது, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் ஒரு மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அங்கே இருந்தேனோ தெரியாது.

கண் திறந்தபோது அவர் கட்டுக் கட்டாகப் படிவங்களை என் மேசையில் அடுக்கியிருந்தார். எல்லாம் அவர் கையால் ஏற்கெனவே எண் போட்டவை. எடுத்துப் பார்த்ததில் பாதியில், ஓய்வு என்று எண் போட்ட வரிகளுக்கு நேரே மூன்றாவது கட்டத்தில் ‘ஆம்’ என்றுதான் இருந்தது.

“நான் தினமும் உள்ள போயி பாக்குறேன் சார். ஆனா ஓய்வுன்னுதான் எழுதுறேன். விதி அப்படி இருக்கு. இனிமே என்னால முடியல.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் விதியைக் காட்டித் தப்பித்திருப்பேன். அந்தக் குரலில் அவ்வளவு அசதி இருந்தது. நான் அசடு வழிய எழுந்து நின்றேன்.

அடுத்த நாள் நான்கு அலுவலகக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போனேன். மேசைக்காரர்கள் கூட்டத்துக்கு வரும் வழக்கமில்லை. போகிற வழியில் அவர் வேலையை நினைத்து, திரும்பிப் போய்விடலாமா என்று நான்தான் இரண்டு முறை கேட்டேன். மேலதிகாரி ஒரு கையெழுத்துப் போடாவிட்டால் பத்தொன்பது ஆண்டும் காற்றில் போய்விடும். அவரோ கூட்டத்தில் எங்கள் எல்லோரையும் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். என் சொந்த அதிகாரி என்னை முறைத்து, “உன்ன ஒட்டத்தானே அனுப்பினோம்? கிழிச்சுட்டு வந்து நிக்கிற” என்றார். மூன்று வாரத்தில் வெளியாக வேண்டிய அறிக்கையில் இப்போது கை வைப்பதா என்று இயக்குநர் அம்மா கேட்டார். இந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி அவர் ஏற்கெனவே மேலிடத்தில் பேசியும் விட்டார். ஓய்வு என்றால் என்ன என்று மறுபடி ஏழு மாதம் பேச வேண்டுமா என்று ஒருவர் முனகினார்.

அரைத்தூக்கம் அப்போதுதான் வாய் திறந்தார்.

“பேச வேண்டாம்மா. நாம கேட்டோம், அவங்க பதில் எழுதிட்டாங்க. ஆறாயிரம் பேரும் எழுதிட்டாங்க. நாமதான் இன்னும் படிக்கல.”

இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம் ஒவ்வொரு அலுவலகமும் மூன்று மூன்று பேரைப் பத்து நாளைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஏழு மாதமாக எதற்கும் ஒத்துவராத நான்கு பேரும் தலையாட்டினார்கள்.

அந்தப் பத்து நாளும் கனவில் நடந்த மாதிரி எனக்கு நினைவிருக்கிறது. என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் ஒரே கூடத்தில். பேராசிரியரின் மாணவிகள், மகளிர் நலத்தின் கனத்த குரல் கண்காணிப்பாளர், எங்கள் அலுவலகத்து முன்கோபி தட்டச்சர், எல்லோரும் மூன்றாவது கட்டத்தை மட்டும் படித்துக் கணினியில் ஏற்றினோம். ஆம். ஆம். இல்லை. ஆம். முதல் நாள் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. மூன்றாம் நாள் பேச்சு நின்றது. ஐந்தாம் நாள் பார்க்கிறேன், தட்டச்சர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். பக்கத்தில் ஒரு மாணவியும். கூடம் முழுக்க ஆட்கள் கண்ணை மூடி யார் யார் வீட்டிலோ நடந்துகொண்டிருந்தார்கள். நடுவில் எங்கள் அரைத்தூக்கம் மட்டும் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்.

‘ஆம்’ எழுதிய வரிகளை ஓய்விலிருந்து கழித்துக் கடைசியில் வந்த எண் ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம். ஐம்பது நிமிடம் கூடவில்லை, ஒன்பது நிமிடம் குறைந்திருந்தது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டு, முன்பு சொன்னது எங்கள் பிழை என்று நான்கு அலுவலகமும் கையெழுத்திட்டன. இயக்குநர் அம்மா மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் அரைத்தூக்கத்தின் வேலை நீட்டிப்பில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டது அவர்தான். நகராட்சி இருபது இடம் கூட்டியது. பட்டியல் நகர்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கோப்பில் கையெழுத்து வாங்க மூன்றாம் மாடிக்குப் போனேன். நடையில் கிடக்கும் நீள பெஞ்சில் ஒரு பெண் கால்களை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து வெயில் அவர் முகத்தில் விழாதபடி, அரைத்தூக்கம் ஒரு படிவக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு குறுக்கே உட்கார்ந்திருந்தார். யார் என்று கண்ணால் கேட்டேன். அக்கா என்றார். கணவரை இல்லத்தில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போகத் தோன்றாமல் நேராக இங்கே வந்துவிட்டாராம். வந்து உட்கார்ந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டாராம். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தச் சாய்ந்த கையெழுத்து யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

இயக்குநர் அம்மா அந்தப் பக்கம் வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்.

சற்று நேரத்தில் அக்கா திடுக்கிட்டு எழுந்தார். கை பக்கத்தில் எதையோ தேடியது. பெஞ்சின் மரத்தைத் தடவிப் பார்த்தது. முகத்தில் அப்படி ஒரு பயம்.

“அவரு அங்க இருக்காருக்கா. நல்லாத்தான் இருக்காரு. நாலரைக்குத்தான் கூட்டிட்டு வரணும்” என்றார் தங்கை.

“இப்ப மணி என்ன?”

“ரெண்டரை.”

அக்கா அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்துப் பார்த்தார். முதலில் தங்கையைப் பார்த்தார், பிறகு யாரென்றே தெரியாத என்னையும் பார்த்தார்.

“அதுவரைக்கும் நான் என்ன பண்ணணும்?” என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோப்பை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.