தாயை இழந்த ஓர்கா

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊரான அஜக்ஸிலிருந்து புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் அந்த நேரத்திலும் வாகனங்கள் நிறைந்திருந்தன. மிசிசாகாவிலுள்ள விமான நிலையம் வரும்வரை என் மகன் கஜன் குனிந்த தலை நிமிரவில்லை. அவன் மடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் அவனுடைய அம்மாவின் சாம்பல். செம்பில் கொண்டுபோனால் எக்ஸ்ரே ஊடுருவாது, விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லி, எரியூட்டிய இடத்தில் மரப்பெட்டிக்கு மாற்றித் தந்திருந்தார்கள்.

என் மனைவி பங்குனியில் இறந்தாள். ஒன்ராறியோ ஏரியில் கரைத்தால் போதும் என்றார்கள் உறவினர்கள். எங்கள் வழக்கத்தில் சாம்பல் கடலுக்குத்தான் போகும். ஏரி எவ்வளவு பெரிதானாலும் அதில் உப்பில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. அதைவிடப் பெரிய காரணம் கஜன். ஒரே பிள்ளை, இருபத்தொன்பது வயது. தாய் போனதிலிருந்து வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறான். கழுத்தெலும்பு வெளியே தெரிகிறது. அவனை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மேற்குக் கடற்கரையிலுள்ள வான்கூவருக்கு ஐந்து மணி நேரப் பறப்பு. பிறகு பஸ், அதன்பின் ஒன்றரை மணி நேரம் கப்பல். இரவு விக்டோரியாவில் தங்கினோம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் துறைமுகத்தில் நின்றபோதுதான் என் பிழை விளங்கியது. கடலுக்குப் போகும் படகு என்று இணையத்தில் நான் பதிந்திருந்தது, திமிங்கிலம் காட்டும் படகு. ஆளுக்கு நூற்றைம்பது டொலர். மற்றவர்கள் கமராவோடு நின்றார்கள். நாங்கள் பூவும் சாம்பலுமாக நின்றோம்.

"வேல் வாட்ச்சிங், அப்பா," என்றான் கஜன். "அம்மாவைக் கொண்டு வேல் வாட்ச்சிங் வந்திருக்கிறம்."

"போட்தானேடா. கடலுக்குத்தானே போகுது."

"அம்மா எண்டால் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா." அவன் சிரிக்கவில்லை.

படகோட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கரையை விட்டு நன்றாக விலகியதும் நிறுத்தித் தருவதாகவும், திமிங்கிலங்கள் அருகில் இருந்தால் மட்டும் எதையும் நீரில் போட முடியாது என்றும் சொன்னார்.

பத்தரை மணிக்கு இயந்திரம் நின்றது. வழக்கமாகச் சீல் என்ற கடல்நாய்களைத் தின்னும் ஓர்காத் திமிங்கிலங்களைத்தான் காட்டுவார்களாம். மீன் தின்னும் குடும்பங்கள் அருகிவிட்டதால் அவற்றை நெருங்கக் கூடாது. அன்று அப்படியொரு குடும்பமே எங்கள் வழியில் குறுக்கிட்டுவிட்டது. ஒதுங்கிக் காத்திருந்தோம். தூரத்தில் கரிய முதுகுகள் எழுந்தன. அவை மூச்சுவிடும் ஓசை நீர்மேல் தெளிவாக வந்தது.

வழிகாட்டியான இளம்பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள். முன்னே போவது குடும்பத்தின் மூத்த பெண். பின்னால் அவளுடைய மகள்கள், அவர்களின் பிள்ளைகள். ஆண்பிள்ளைகள் முழுதாக வளர்ந்த பின்பும் தாயை விட்டுப் போவதில்லை. தாய் சால்மன் மீனைப் பிடித்து, கடித்துப் பிளந்து, தன்னைவிடப் பெருத்த மகனுக்குப் பாதி கொடுப்பாள். வேறு குடும்பத்துப் பெண்ணைத் தேடிப் போகிறவனும் தாயிடமே திரும்பி வந்துவிடுவான்.

தகப்பன் எங்கே என்று கேட்டேன். வேறொரு கூட்டத்தில், தன் தாயோடு இருக்கும் என்றாள். பிள்ளை இன்னதென்று அதற்குத் தெரியாது.

"ஓவர்டைம் போலை," என்று கஜன் என் காதுக்குள் சொன்னான். அவன் சின்னவனாயிருந்த காலமெல்லாம் நான் ஓவர்டைமில்தான் இருந்தேன். பங்குனிக்குப் பிறகு அவன் விட்ட முதல் பகிடி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கூட்டத்துக்குப் பின்னே, இடைவெளி விட்டு, ஆளுயர முதுகுத்துடுப்பு ஒன்று வந்தது. வளர்ந்த ஆண். அதன் தாயைப் பனிக்காலத்துக்குப் பிறகு யாரும் காணவில்லை, இறந்திருக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். இப்போது தாயின் தங்கை குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது. தன் கமராவில் பெரிதாக்கிக் காட்டினாள்: தலைக்குப் பின்னால் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. தாய் போனபின் இப்படியான மகன்கள் பலர் அதிக காலம் இருப்பதில்லை என்று, பின்னேரம் மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

கஜனின் காதுகளைப் பொத்த வேண்டும்போல எனக்குக் கை எழுந்தது.

"கேட்டது, அப்பா. நான் வேல் இல்லை. டோன்ட் லுக் அட் மீ லைக் தட்."

"நான் ஒண்டும் பாக்கேல்லை."

"பாக்கிறீங்கள்."

அவை கடந்து போக வெகுநேரமாயிற்று. படகோட்டி வேறு திசையில் கொண்டுபோய் நிறுத்தினார். மற்றப் பயணிகள் தாமாகவே முன்பக்கம் போனார்கள். மகன்தான் கரைக்க வேண்டும். பெட்டியைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"விடு, ராசா."

"விட்டால் பிறகு?"

அவன் கைக்கடியில் என் கையைக் கொடுத்தேன். இருவருமாகச் சாய்த்தோம். பூ மிதந்தது. சாம்பல் பச்சை நீருக்குள் வெண்புகைபோல இறங்கிப் போனது. கரைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் கரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கஜன் வழிநெடுகப் பின்னால் பார்த்தான். நான் தடுக்கவில்லை.

இறங்கும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டேன், அந்த ஆண் பிழைத்துக்கொண்டதா என்று எப்படித் தெரியவரும் என்று. அடுத்த கோடையில் குடும்பம் திரும்பி வரும்போது அந்தத் துடுப்பும் கூட வருகிறதா என்று பார்ப்பார்களாம். வராவிட்டால் இல்லை என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை வீடு திரும்பினோம். எனக்கு அடுத்த கோடைவரை பொறுக்க முடியாது. விடிந்ததும் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு மாடிப்படியின் அடியில் நிற்கிறேன். மேலே அவன் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை குடிப்பதில்லை. சில நாட்களில் அது ஆறியே போய்விடுகிறது.